ஸ்டெப்னி இல்லாத வண்டி

மகளுக்கு ஒன்பதாவது மாதம் தொடங்கிய அன்று காலையில், காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் கணவர் சொன்னார்: "எம் பொண்ண உன் வண்டியில ஏத்தாத. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேனச் சொல்லி வெச்சிருக்கறேன்."

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். சண்டை போடுவதற்குக்கூட ஆள் இல்லாமல் நான் அடுப்படியில் நின்றேன். பெற்ற மகளைப் பிரசவத்துக்கு அழைத்துப்போகக்கூட லாயக்கில்லாத வண்டியா என்னுடையது? வாங்கி இரண்டு வருஷமாக அதை அவர் பேசாத பேச்சில்லை, ஆனால் இந்த ஒரு சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. அந்த வேனில் என் மகள் ஏறினால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன் என்று குக்கரிடம் சொன்னேன்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஜெர்மன் கார், கருநீலம், தரையோடு தரையாகக் கிடக்கும். உள்ளே உட்கார வேண்டுமென்றால் குனிந்து, மடங்கி, கடைசியில் விழ வேண்டும். பெங்களூரில் ஒருவர் ஐந்து வருஷம் ஓட்டிவிட்டு விற்றதை வாங்கினேன். மாரண்டஹள்ளிக்கு வெளியே எங்களுக்கு ஒரு நாற்றுப் பண்ணை இருக்கிறது. நிழல்வலைக்குக் கீழே குழித்தட்டுகளில் தக்காளியும் குடைமிளகாயும் முட்டைக்கோசும் முளைக்க வைத்து விவசாயிகளுக்கு விற்கிறேன். ஐம்பது வயதுவரை நாற்றுக்கும் மகள் படிப்புக்கும் அவர் முதுகு வைத்தியத்துக்கும் போக, எனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் இந்த வண்டிதான். இரண்டு தக்காளிப் பெட்டி வைக்க இடமில்லாத வண்டி எதற்கு என்று ஊரில் கேட்டார்கள். பின்சக்கரங்கள் தள்ளி ஓடுகிற வண்டி அது. அதியமான்கோட்டை தாண்டி நெடுஞ்சாலையில் ஏறிக் காலை அழுத்தினால், முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளிவிடுவது போல இருக்கும். அந்தக் கைக்காகத்தான் வாங்கினேன் என்று எப்படிச் சொல்வது? மைலேஜ் நன்றாக இருக்கிறது என்று பொய் சொன்னேன்.

என் கணவர் முப்பது வருஷம் தருமபுரி – சேலம் தனியார் பஸ் ஓட்டியவர். தொப்பூர் கணவாயில் அவருக்குத் தெரியாத வளைவு கிடையாது. முதுகுத்தண்டில் தட்டு விலகி, நான்கு வருஷத்துக்கு முன்னால் வேலையை விட்டார். அன்றிலிருந்து எந்த ஸ்டீயரிங்கையும் தொடவில்லை. "ஓட்டுனது போதும்" என்பார். ஆனால் பஸ் அவரை விடவில்லை. காலையில் பல் தேய்த்ததும் ஒரு முழ நீளப் புளியங்கட்டையை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கிற வண்டியைச் சுற்றி வருவார். கட்டையால் ஒவ்வொரு டயரையும் ஒரு தட்டுத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பார். காற்று நிறைய இருந்தால் டொம் என்று ஒரு சத்தம், குறைந்திருந்தால் மொத்தென்று ஒரு சத்தம். பஸ்காரர்களும் லாரிக்காரர்களும் அப்படித்தான் பார்ப்பார்கள். என் ஸ்கூட்டி, பண்ணையின் மினி லாரி, விருந்தாளிகளின் கார் எதுவும் அந்தக் கட்டைக்குத் தப்பியதில்லை.

ஜெர்மன் காரிடம் மட்டும் கட்டை தோற்றது. அதன் டயர்கள் தனி ரகம். பக்கச்சுவர் கல் மாதிரி இருக்கும். முழுக்கக் காற்றுப் போனாலும் அந்தச் சுவரே வண்டியைத் தாங்கிக்கொண்டு ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓடும். காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டைக்கு ஒரே சத்தம்தான். முதல் நாள் நாலைந்து தடவை தட்டிப் பார்த்தார். டயர் உயரம் குறைவு என்பதால் ஐந்தாவது தட்டு அலுமினிய ரிம்மில் விழுந்து ஒரு கோடு கிழித்தது. நான் போட்ட கூச்சலில் நிழல்வலைக்குள் வேலை செய்த பெண்கள் வெளியே வந்து பார்த்தார்கள்.

அவர் கோட்டைப் பார்க்கவே இல்லை. "இது நெசம் பேசாத டயரா இருக்குது" என்றார்.

பிறகு டிக்கியைத் திறந்தார். விரிப்பைத் தூக்கினார். ஸ்டெப்னி இருக்க வேண்டிய பள்ளத்தில் பேட்டரி இருந்தது.

"ஸ்டெப்னி எங்க?"

"இதுக்கு ஸ்டெப்னியே கிடையாதுங்க. காத்துப் போனாலும் ஓடற டயரு, அப்புறம் எதுக்கு?"

விரிப்பை மறுபடி போட்டு, அதன் ஓரங்களை உள்ளே செருகி, டிக்கியை மெதுவாக மூடினார். என் வாய் சும்மா இருக்குமா? "உங்களுக்குத்தான் ஸ்டெப்னின்னாலே ராசியில்லயே" என்றேன். சிரித்தார். எப்போதும் அதற்குச் சிரிப்பார்.

இந்தச் சிரிப்புக்குப் பின்னால் எங்கள் வீட்டின் மிகப் பழைய தமாஷ் ஒன்று இருக்கிறது. ஸ்டெப்னி என்றால் மாற்றுச் சக்கரம். எல்லோருக்கும் தெரியும். அதற்கு இன்னொரு பொருளும் எல்லோருக்கும் தெரியும்: சின்ன வீடு. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் விடியற்காலையில் எனக்கு வலி எடுத்தது. சேலத்துக்கு ஒரு நடை போய்விட்டு மத்தியானத்துக்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குப் போனார். மாற்று டிரைவர் இல்லை, முதல் பிரசவம் இழுக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். இழுக்கவில்லை. பாலக்கோட்டு ஆஸ்பத்திரியில் மத்தியானம் மகள் பிறந்தாள். நர்ஸ் வெளியே போய், "கூட வந்த ஆம்பளைங்க யாரு?" என்று கேட்டது உள்ளே படுத்திருந்த எனக்குக் கேட்டது. யாரும் பதில் சொல்லவில்லை. இரண்டாவது முறை கேட்டபோது என் அக்காதான், "நான் இருக்கறங்க" என்றாள்.

அவர் வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. சட்டையெல்லாம் கிரீஸ். வார்டில் எட்டுக் கட்டில்கள், எட்டுக் கட்டிலையும் சுற்றிச் சொந்தக்காரர்கள். என் கட்டிலருகே நின்று, "தொப்பூர்ல முன் டயர் பஞ்சராயிடுச்சு. ஸ்டெப்னி இல்ல" என்றார்.

எனக்கு இருந்த ஆத்திரத்தில், உடம்பு இருந்த இருப்பில், வாயில் வந்ததைச் சொன்னேன். "ஸ்டெப்னி இல்லயா? இல்ல, ஸ்டெப்னி வூட்டுக்குப் போயிட்டு வர்றீங்களா?"

வார்டே சிரித்தது. பக்கத்துக் கட்டிலில் தையல் போட்டிருந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் என் ஆத்திரம் போய்விட்டது. அந்தப் பேச்சு அடுத்த வாரமே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு வேலையை விடும்வரை அவருக்கு அங்கே 'ஸ்டெப்னி டிரைவர்' என்றுதான் பெயர். நான் என் வாழ்க்கையில் சொன்னதிலேயே நல்ல தமாஷ் அது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாண வீடுகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன், பெருமையாக.

ஆக, ஜெர்மன் காரில் அவர் இரண்டே முறைதான் ஏறினார். இரண்டு முறையும் ஒவ்வொரு வேகத்தடையிலும் பல்லைக் கடித்தார். டயர் கல்லாக இருந்ததால் ரோட்டில் இருந்த அத்தனையும் அவர் முதுகுக்கு நேராகப் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு எங்கே கூப்பிட்டாலும், "நீ முன்னாடி போ, நான் பஸ்ல வர்றேன்" என்பார். கல்யாணம், கருமாதி, வங்கி, எல்லாவற்றுக்கும் நான் காரிலும் அவர் பஸ்ஸிலுமாகப் போய்ச் சேர்ந்தோம். பக்கத்து இருக்கை இரண்டு வருஷம் சும்மா கிடந்தது. முதுகு வலிதான் காரணம் என்று நான் நம்பினேன்.

வளைகாப்பு முடிந்து மகள் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் டயர் பிரச்சினை ஆரம்பமாயிற்று. ஒரு மழை நாளில் பாலக்கோடு தக்காளி மண்டி வழியாக வந்துகொண்டிருந்தேன். ரோடெல்லாம் நசுங்கிய தக்காளி. வளைவில் கொஞ்சம் காலை அழுத்தியதும் வண்டியின் பின்பக்கம் ஒரு முழம் நகர்ந்து திரும்ப வந்தது. யாருக்கும் ஒன்றுமில்லை. வீட்டில் சொல்லவும் இல்லை. ஆனால் எப்படித் தெரிந்ததோ, மறுநாள் காலை கட்டையைச் சாய்த்து வைத்துவிட்டு, அவர் மண்டியிட்டு உட்கார்ந்து பின்டயரின் உள்ஓரத்தைக் கையால் தடவினார். வெளியே பார்த்தால் நன்றாக இருந்த டயர், உள்ளே வழுக்கையாகியிருந்தது. எழுந்து கையைத் தட்டிக்கொண்டு உள்ளே போனார். அதற்கடுத்த நாள்தான் அந்தக் காபியும் அந்த அறிவிப்பும்.

"டயர மாத்தினா ஏத்துவீங்களா?" என்று மத்தியானம் சோறு போடும்போது கேட்டேன்.

"மாத்து. அப்புறம் பாக்கலாம்."

"பாக்கலாம்னா என்ன அர்த்தம்?"

"அப்பா, அம்மா," என்றாள் மகள், வயிற்றின் மேல் தட்டை வைத்துக்கொண்டு. "நான் வேணும்னா நடந்தே போயிடறேன். ரெண்டு பேரும் சாப்பிடுங்க."

தருமபுரியில் ஒரு டயர் கடை. அவர் பஸ் ஓட்டிய காலத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னப் பஞ்சர் கடையாக இருந்தது, இப்போது பைபாஸில் கண்ணாடி போட்டு, ஏசி போட்டு நிற்கிறது. கடை பாய்க்கு என் கணவர் வயதிருக்கும். நான் காரில் போனேன். அவர் வழக்கம்போல பஸ்ஸில் வந்தார். நான் வழியில் ஒரு விவசாயிக்கு நாற்றுத் தட்டுக் கொடுத்துவிட்டுப் போவதற்குள் அவர் முன்னால் போய்க் கடைவாசலில் நின்றுகொண்டிருந்தார். நின்ற இடத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு வேறு.

பாய் எங்களை உட்கார வைத்து மூன்று டயர்களை உருட்டிக்கொண்டு வந்து முன்னால் நிறுத்தினார். முதலாவது, இப்போது இருக்கிற அதே கல் ரகம். இரண்டாவது பந்தய ரகம். ரோட்டைக் கவ்விப் பிடிக்கும், ஸ்டீயரிங் நினைத்த மாத்திரத்தில் திரும்பும், ஆனால் சீக்கிரம் தேயும், சத்தம் போடும். மூன்றாவது மெத்தென்ற ரகம். பக்கச்சுவரை விரலால் அழுத்தினால் அமுங்கியது. குழிமேடு தெரியாது, சத்தம் இருக்காது. ஆனால் வண்டியின் துடிப்பு கொஞ்சம் அடங்கிவிடும்.

நான் இரண்டாவதன் மேல் கை வைத்தேன். வைத்த கையை எடுக்கவும் இல்லை. அதன் வரிகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஓடின. அந்த ரப்பர் வாசனையே எனக்குப் பிடித்திருந்தது.

என் கணவர் மூன்று டயரின் ஓரத்தையும் குனிந்து படித்தார். தயாரித்த வாரத்தையும் வருஷத்தையும் சொல்கிற நான்கு இலக்கத்தைத் தேடிப் படித்து, பழைய சரக்கு இல்லை என்று திருப்திப்பட்டார். பிறகு பஸ்காரர் புத்தியில் கணக்குப் போட்டார். "ரெண்டு புதுசு வாங்கினாப் போதும். புதுச முன்னாடி போட்டுட்டு, முன்னாடி இருக்கறதப் பின்னாடி போடு."

"இந்த வண்டில அது முடியாதுங்கணா," என்றார் பாய். "முன்டயரு வேற அளவு, பின்டயரு வேற அளவு. பின்னாடி அகலம். மாத்திப் போட்டா உக்காராது."

என் கணவர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முப்பது வருஷமாக நம்பிய வேதம் பொய்த்துப்போனதுபோல இருந்தது முகம். புது டயர் எப்போதும் முன்னால்தான், தேய்ந்ததன் மேல் புது ரப்பர் ஒட்டிய ரீட்ரேடு டயர் பின்னால்தான், உயிரே போனாலும் ரீட்ரேடை முன்னால் போடக்கூடாது என்பது அவருடைய சட்டம். சட்டமே செல்லாத வண்டி ஒன்று வாசலில் நின்றது.

"அப்ப இதுக்கு ஸ்டெப்னி போடணும்னா எந்த அளவு போடறது?" என்று கேட்டார்.

பாய் சட்டென்று நிமிர்ந்தார். அவரை உற்றுப் பார்த்தார். "அண்ணா, நீங்க அந்த ஸ்டெப்னி டிரைவருதான? அப்பவே பாத்த மொகமா இருக்குதேன்னு யோசிச்சேன்."

நான் சிரிக்கத் தயாரானேன். என் கணவரும் சிரித்தார், ஆனால் உடனே எழுந்தார். "டீ குடிச்சிட்டு வர்றேன்" என்று வெளியே போய்விட்டார். யாருக்காவது டீ வேண்டுமா என்று கேட்காமல் டீக்குப் போகிற ஆள் இல்லை அவர்.

"அந்தப் பேர் வெச்சதே நான்தான் பாய்" என்றேன், பெருமை போகாமல்.

"அப்படிங்களாக்கா?" என்றார் பாய். அவர் சிரிக்கவில்லை. "அன்னிக்கு அந்தச் சக்கரத்துக்குப் பஞ்சர் ஒட்டினது நான்தானுங்க."

எந்தச் சக்கரம் என்றேன். தொப்பூரில் பஞ்சரான பஸ்ஸின் சக்கரம் என்றார். அதுவரை எனக்குத் தெரிந்தது, பஸ் நின்றது, ஸ்டெப்னி இல்லை, யாரோ வந்து சரிசெய்தார்கள், அவர் சாயங்காலம் வந்தார் என்பது மட்டும்தான். பாய் சொன்னது இது. பின்னால் ஜோடி ஜோடியாக ஓடும் சக்கரங்களில் ஒன்றைக் கழற்றி முன்னால் மாட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று கண்டக்டர் சொல்லியிருக்கிறார். பின்னால் இருந்ததெல்லாம் ரீட்ரேடு, அதை முன்னால் போட்டு நாற்பது பேரைக் கணவாய் ஏற்ற மாட்டேன் என்று இவர் மறுத்திருக்கிறார். பஞ்சரான சக்கரத்தை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு, கூடவே தருமபுரி வந்து, பாயின் கடையில் உருட்டிப் போட்டிருக்கிறார்.

"ஒட்டறதுக்குள்ள அழுதுட்டாருங்கக்கா. வூட்டுல பாலக்கோட்டு ஆஸ்பத்திரில பிரசவத்துக்கு இருக்குதுன்னாரு. எதுத்தாப்புலயே பாலக்கோடு பஸ் நிக்குது. நீங்க ஏறிப் போங்கணா, சக்கரத்த நான் லாரில ஏத்தி விட்டுடறேன்னு சொன்னேன். சக்கரம் போய்ச் சேந்தாப் போதுமா, ஓட்டறதுக்கு ஆளு வேணாமான்னாரு. மலையில நாப்பது பேரு வெயில்ல நிக்கறாங்க, அதுல கைக்கொழந்தைக்காரி ஒருத்தி இருக்கறான்னாரு. அந்தப் பாலக்கோடு பஸ்ஸு போறதப் பாத்துக்கிட்டே நின்னாரு. அப்புறம் சக்கரத்த உருட்டிக்கிட்டுத் தொப்பூருக்கே போயிட்டாரு."

என் கை இன்னமும் அந்தப் பந்தய டயரின் மேல் இருந்தது. எடுத்துக்கொண்டேன்.

வெளியே டீக்கடை மரத்தடியில் அவர் உட்கார்ந்திருந்தார். டம்ளர் காலியாகியும் கையிலேயே இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. எத்தனை கல்யாண வீடு, எத்தனை முறை. ஒவ்வொரு முறையும் கூடவே சிரித்த அந்த முகத்தை நான் ஒரு தடவைகூடச் சரியாகப் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏங்க சொல்லல?" என்றேன்.

எதைக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கடைப்பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"என்னன்னு சொல்றது? எதுத்தாப்புல பஸ்ஸு நின்னுச்சு, நான் ஏறலன்னா? வந்திருக்கலாம். வரல. அதான நெசம்."

"நான் அப்படிப் பேசிட்டேனே."

"அது பரவால்ல. நீ தமாஸ் பண்ணின, எல்லாரும் சிரிச்சாங்க. நெசத்தச் சொல்றதுக்கு அதுவே மேலுன்னு விட்டுட்டேன்." கொஞ்ச நேரம் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "இந்தத் தடவ எம் பொண்ணுக்கு வழியில நிக்கக்கூடாது. அவ்வளவுதான். உன் வண்டி மேல எனக்கு ஒண்ணுமில்ல."

முதுகு வலி இல்லை, பொறாமை இல்லை, நான் இரண்டு வருஷமாகக் கட்டிவைத்த காரணம் ஒன்றுமே இல்லை. டிக்கியில் ஒரு சக்கரம் இல்லை, அதுதான். அந்த மனுஷனை அங்கேயே ரோட்டோரத்தில் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. தருமபுரி பைபாஸில் அதெல்லாம் நடக்கிற காரியமா? டம்ளரை வாங்கிக் கடைக்காரரிடம் கொடுத்தேன்.

உள்ளே போய், "பாய், அந்த மெத்து ரகம் நாலு" என்றேன். "அப்புறம் ஒரு ஸ்டெப்னி."

மெத்து ரகம் காற்றுப் போனால் நின்றுவிடும், ஸ்டெப்னி கட்டாயம் வேண்டும் என்று பாயும் ஒத்துக்கொண்டார். எந்த அளவு என்று ஒரு மாநாடு நடந்தது. முன்டயர் அளவா, பின்டயர் அளவா? இங்கேதான் பஸ்காரர் மறுபடி உயிர்பெற்றார். "முன்னாடி அளவுதான். பின்னாடி போனா ஓரங்கட்டிக்கலாம். முன்னாடி போச்சுன்னா கைய விட்டே போயிடும்." ஆபத்துக்கு அதைப் பின்னால் மாட்டினாலும் மெதுவாக ஊர் போய்ச் சேரலாம் என்றார் பாய். அந்த அளவுக்கு ரிம் பெங்களூரிலிருந்து வர மூன்று நாளாயிற்று. மூன்று நாளும் வண்டி கடையிலேயே நின்றது. நானும் அவரும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம், கல்யாணமான புதிதில் வந்த மாதிரி. ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தார்.

வண்டியை எடுக்கப் போன அன்று அவர் புளியங்கட்டையைக் கையோடு கொண்டுவந்திருந்தார். ஒரு துணிப்பையில் சுற்றி, ஏதோ சீதனம் கொண்டுவருகிற மாதிரி. நான்கு டயரையும் தட்டினார். ரிம்மில் படாமல், பார்த்துப் பார்த்துத் தட்டினார். டொம், டொம், டொம், டொம். பிறகு டிக்கியைத் திறந்து ஐந்தாவதையும் தட்டினார். அதுவும் டொம் என்றது. இடதுபக்கக் கதவைத் திறந்து, குனிந்து, மடங்கி, விழுந்து உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வண்டி பழைய வண்டி இல்லை. ஸ்டீயரிங் ஒரு விநாடி யோசித்துத்தான் திரும்பியது. முதுகில் தள்ளுகிற அந்தக் கை, கொஞ்சம் வயதான கையாகிவிட்டது. டிக்கியைச் சக்கரமே அடைத்துக்கொண்டதில் ஒரு குழித்தட்டு வைக்கவும் இடமில்லை. இதையெல்லாம் நான் வாய்விட்டுப் புலம்பிக்கொண்டே ஓட்டினேன். திரும்பிப் பார்த்தால், பாலக்கோடு ரோட்டின் அத்தனை வேகத்தடைக்கும் அசையாமல் அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

பதினோரு நாள் கழித்து, காலை பத்து மணிக்கு, நாற்றுத் தட்டுகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது மகள் கூப்பிட்டாள். பனிக்குடம் உடைந்திருந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேனைப் பற்றி யாரும் பேசவில்லை. டிக்கியில் இடமில்லாததால் துணிப்பை, பிளாஸ்க், போர்வை எல்லாம் முன்சீட்டில் ஏறின. அவர் பின்னால் மகளோடு உட்கார்ந்துகொண்டார். மருமகன் சென்னையிலிருந்து கிளம்பிவிட்டதாகப் போனில் சொன்னார்.

வழி முழுக்கப் பின்னாலிருந்து ஒரே குரல். "பள்ளம். மெதுவா. இப்ப விடு. டிராக்டர் வருது பார். கண்ணு, ஒண்ணுமில்ல கண்ணு, மூச்ச இழுத்து விடு." வேறு நாளாக இருந்தால் வண்டியை ஓரங்கட்டிச் சாவியை அவர் கையில் கொடுத்திருப்பேன். அன்று ஒவ்வொரு சொல்லுக்கும் சரிங்க என்றேன். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்டெப்னிக்கு வேலையே வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

தருமபுரி ஆஸ்பத்திரியில் மகளை உள்ளே அழைத்துப் போனார்கள். வெளியே வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஏழெட்டுக் குடும்பங்கள். அவர் எந்த நாற்காலியிலும் உட்காரவில்லை, சுவரில் முதுகை ஊன்றி நின்றார். டீ குடிக்கக் கூப்பிட்டேன். வரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், கதவைப் பார்த்துக்கொண்டே குடித்தார்.

மத்தியானம் கதவு திறந்தது. நர்ஸ் என் மகளின் பெயரைச் சொல்லி, கையில் சீட்டோடு எல்லோரையும் பார்த்துக் கேட்டார்: "கூட வந்த ஆம்பளைங்க யாரு இருக்கீங்க?"

"நான் இருக்கறங்க" என்றார்.

நர்ஸ் அவர் பக்கம் திரும்பிவிட்டார். அது போதும். ஆனால் அவர் சுவரை விட்டு நகர்ந்து, முதுகை நிமிர்த்தி, கையையும் தூக்கிக்கொண்டு இன்னொரு முறை சொன்னார். "நான் இருக்கறங்க."